மடியை எங்கே வெட்டுவது

மடியை எங்கே வெட்டுவது என்பதுதான் நாகஜோதிக்குப் பிடிபடவில்லை. முகத்தை எடுத்துவிடலாம், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, டேப்லெட்டின் மேல் இரண்டு விரலை வைத்து விரித்துப் படத்தை மேலே தள்ளினால் அண்ணன் சோலைமலையின் முகம் திரைக்கு வெளியே போய்விடுகிறது, பின்னாலேயே கழுத்தும் சட்டைப் பொத்தான்களும் போய்விடுகின்றன, ஆனால் மடி போகமாட்டேன் என்கிறது. மடியின் மேல் மகள் மகிழினி உட்கார்ந்திருக்கிறாள். மடியைத் தள்ளினால் பிள்ளையும் சேர்ந்து போகிறாள். பிள்ளை இல்லாத காதுகுத்து வீடியோவை யாருக்குப் போட்டுக் காட்டுவது, காது குத்திய ஆசாரிக்கா? மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது புருஷன் திருமுருகன் கதவருகே நின்று சொல்லிவிட்டுத்தான் போனான். உங்கண்ணன் மூஞ்சி ஒரு இடத்திலும் தெரியக்கூடாது, கோயம்புத்தூரிலிருந்து எங்கண்ணனும் மதினியும் ஆறு மணிக்கு வருகிறார்கள், டீவியில் போட்டால் அதைப் பார்த்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் என்னால் உட்கார முடியாது என்றான். கத்தவில்லை. கடைக்குப் போனால் வெல்லம் வாங்கி வா என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டான், தாய்மாமன் மடி இல்லாமல் எந்த ஊரில் காது குத்துகிறார்கள் என்று யோசிக்கிற வேலை எடிட் செய்கிறவளுக்கு. கொரோனா நேரத்தில் பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சர்களும் வீட்டிலிருந்து பாடம் எடுத்து வீடியோவாக அனுப்பவேண்டும் என்றபோது கற்றுக்கொண்டது இது, ஒன்றாம் வகுப்புக்கு அணிலையும் ஆட்டையும் வெட்டி ஒட்டிக் கற்றுக்கொண்டது, அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் பதினோரு போனிலிருந்து கிளிப்புகள் அவள் தலையில் வந்து விழுகின்றன. இந்தத் தடவை நூற்று நாற்பத்து மூன்று. நான்கு மாதமாகத் தொடாமல் வைத்திருந்தாள். உள்ளே ஃபேன் சத்தத்தோடு திருமுருகனின் குறட்டையும் சேர்ந்து கேட்டது. மணி இரண்டேகால்.

கீழே டைம்லைனில் கிளிப்புகள் ஒன்றுக்கடுத்து ஒன்றாகச் சின்னச் சின்னப் பெட்டிகளாக நின்றன. பிள்ளையார், குத்துவிளக்கு, வாசலில் பன்னீர் தெளிக்கிற நாத்தனார், மொட்டை, காதுகுத்து, பந்தி. மொட்டை இருபது விநாடி, அதிலும் அவன் மடி. காதுகுத்து முப்பத்தெட்டு விநாடி, அதிலும் அவன் மடி. கிளிப்பைப் பிள்ளையின் காது மட்டும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தாள், படம் மணல் மணலாக உடைந்துபோனது, காதுக்குப் பக்கத்தில் அப்போதும் அவன் கட்டைவிரல் இருந்தது. நகத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. டைல்ஸ் ஒட்டுகிறவர்களின் கையில் அந்தப் பசை எப்போதும் இருக்கும், முதல்நாள் ராத்திரி மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன், போகமாட்டேங்குது என்று சீர்த்தட்டை இறக்கும்போதே அவளிடம் சொல்லிச் சிரித்தான். இருபத்தோரு தட்டு. அண்ணி நாற்பது நாள் கைப்பிள்ளையோடு அவளுடைய அம்மா வீட்டில் இருந்தாள், அதனால் தன்னோடு வேலை செய்கிறவர்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து ஆளுக்கொரு தட்டாகத் தூக்க வைத்தான், தடி தடியான ஆண்கள் தலையில் ஆப்பிளும் சாக்லெட்டும் பாவாடைத் துணியும். நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். ஆசாரி கம்பியை எடுத்தபோது மகிழினி அலறினாள், அந்த இடத்தில் கிளிப்பை நிறுத்திப் பார்த்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருப்பது பிள்ளையில்லை, அவன்தான். பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டுதான் அழுகிறாள். இவன் முப்பத்தொன்பது வயசு ஆம்பளை, கடப்பாக்கல் அறுக்கிறவன், ஒரு கம்மலுக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் கோபமும் வந்தது. இவ்வளவு பிரியமாக இருந்தவன் எதற்கு அப்படிச் செய்தான்? செய்துவிட்டான், இப்போது உட்கார்ந்து வெட்டுகிறவள் நான். மகிழினி பெரியவளாகி இதைப் பார்த்து, அம்மா, நான் யார் மடியில் உட்கார்ந்திருக்கிறேன், இந்தக் கை யாருடையது என்று கேட்டால் என்ன சொல்வது? கை மட்டும் வந்திருந்தது என்று சொல்வதா?

அப்படிச் செய்தான் என்றால், சாப்பிடாமல் போய்விட்டான். அவ்வளவுதான், ஆனால் அது அவ்வளவுதானா? தாய்மாமன் சாப்பிடாமல் போனான் என்றால் அந்த விசேஷத்தில் வேறு என்ன மிச்சம் இருக்கிறது. மூன்றாவது பந்தி நடக்கும்போது திருமுருகனின் அண்ணன்தான் முதலில் கேட்டார், எங்கே மாமனைக் காணோம், அவருக்கு வேட்டி துண்டு கொடுக்கணும் என்று. கோயில் மண்டபம் முழுக்கத் தேடினார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு அப்போதே போயிட்டாரே என்று செருப்பு வைக்கிற இடத்தில் யாரோ சொன்னார்கள். பிறகு பேச்சு எப்படியெல்லாம் போனது. டெம்போவில் வந்த ஆட்களை முதல் பந்தியிலேயே உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பியாயிற்றே, அதிலென்ன குறை. மாலை சின்னதாக இருந்ததோ. மைக்கில் சீர் வாசிக்கும்போது பெயரைச் சொல்ல விட்டுவிட்டார்களோ. எதுவுமில்லை, அவருக்குத் திமிர், எங்க வீட்டுச் சோறு இறங்கவில்லை என்று மாமியார் முடித்துவைத்தார். அன்று சாயங்காலம் நாகஜோதி போன் போட்டாள். எதுக்குண்ணே போன என்றதற்கு ஒண்ணுமில்ல, வேலை வந்துருச்சு என்றான். அந்த ஒண்ணுமில்லதான் அவளை ஏற்றிவிட்டது. ஏதாவது சொல்லியிருந்தால் அவனுக்காக இங்கே சண்டை போட்டிருப்பாள். எத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாய், அப்பாவும் அம்மாவும் இருந்திருந்தால் இப்படிச் செய்வாயா, இனிமேல் எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை என்றெல்லாம் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தான், கடைசியில் சரித்தா, வச்சிர்றேன் என்று வைத்துவிட்டான். தீபாவளிக்கு வரவில்லை. இவளும் கூப்பிடவில்லை. பொங்கலுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது, கல்யாணமான ஏழு வருஷத்தில் கரும்பும் வெண்கலப் பானையுமாக அவன் வாசலில் வந்து நிற்காத பொங்கல் கிடையாது, இந்த வருஷம் வராவிட்டால் பிறகு எந்த வருஷமும் வரமாட்டான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஒரு பொங்கலுக்கு விட்டுப்போனால் போனதுதான், அந்தத் தெருவிலேயே அப்படி மூன்று வீடு இருக்கிறது. அப்பாவும் இல்லை அம்மாவும் இல்லை, பிறந்த வீடு என்றால் அந்த ஒருத்தன்தான். போனால் போகட்டும் என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

காதுகுத்தை அப்படியே விட்டுவிட்டுப் பந்திக்குப் போனாள். வேலை ஓடாத இடத்தில் நிற்காமல் ஓடுகிற இடத்தைப் பார்த்து முடித்துவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும். பந்தியில் பதினேழு கிளிப் இருந்தது, எல்லாம் தூக்கிப் போட வேண்டியவை, ஆனால் போடமுடியாது, சாப்பிடுகிற தன்னைப் பார்க்கவேண்டும் என்றுதான் பாதிப் பேர் வீடியோவே கேட்கிறார்கள். ஆளுக்கு மூன்று விநாடி என்று வெட்டி அடுக்கினாள். அப்பளம் நொறுக்குகிற சித்தப்பா. பாயசத்தை இலையில் ஊற்றி வழிக்கிற பெரியப்பா, இவருக்கு இரண்டு விநாடி போதும். பாட்டைப் போட்டுவிட்டால் சத்தம் தேவையில்லை என்று எல்லாவற்றையும் ம்யூட் பண்ணிக்கொண்டு வந்தவள், கீழ்வீட்டு ஹேமா அக்கா எடுத்த கிளிப்பில் மட்டும் பந்திச் சத்தம் நன்றாக இருக்குமே என்று சத்தத்தோடு ஓடவிட்டாள். ஹேமா அக்கா தன்னுடைய அம்மாவை எடுத்திருந்தாள். அம்மா வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பின்னால் அடுத்த வரிசையில் இலை போட்டிருந்தது, உப்பு வைத்தாயிற்று, ஊறுகாய் வைத்தாயிற்று, சோறு இன்னும் வரவில்லை, மூன்றாவது இலையில் சோலைமலை உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்துதான் இருக்கிறான். சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். நாகஜோதி டேப்லெட்டைக் கிட்டே இழுத்தாள். அப்போது இடது பக்கத்திலிருந்து மாம்பழ நிறப் பட்டுச்சேலை ஒன்று வேகமாக உள்ளே வந்தது, முதுகு மட்டும்தான் தெரிந்தது, கொண்டையில் பூ பாதி கழன்று தொங்கியது, யார் இவள், பூவைக்கூடச் சரியாக வைக்கத் தெரியாமல் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அந்தச் சேலைக்காரி அவன் தோளில் கையை வைத்துக் குனிந்தாள். பந்திச் சத்தத்துக்கு நடுவே குரல் தெளிவாகக் கேட்டது, ஒன்றாம் வகுப்புக்கு அணிலும் ஆடும் சொல்லிக்கொடுக்கிற குரல். "அண்ணே, கொஞ்சம் எந்திரிண்ணே. கோயம்புத்தூர்க்காரங்க உக்காரட்டும். நீ நம்ம வீட்டு ஆளுதான, பெறகு சாப்பிட்டுக்கலாம்." சொல்லிவிட்டு அவனைப் பார்க்காமலே போய்விட்டாள். அவன் நிமிர்ந்து அவள் போன பக்கமே பார்த்தான். பிறகு எழுந்தான், ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தூண் பக்கம் போய் நின்றான். அந்த இலையில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். இருபத்திரண்டு விநாடி.

இன்னொரு தடவை போட்டாள். அதேதான் இருந்தது. மூன்றாவது தடவை சத்தமில்லாமல் போட்டாள், அப்போதும் கை தோளில்தான் இருந்தது. எனக்கு ஞாபகமே இல்லையே. நிஜமாகவே ஞாபகம் இல்லை. அந்த நேரத்தைத் தேடிப் பார்த்தாள், கோயம்புத்தூர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு பந்தி ஓரமாக நின்றது ஞாபகம் இருந்தது, மாமியார் ஒரு பார்வை பார்த்தது ஞாபகம் இருந்தது, ஒன்பது பேர் நிற்கிறார்கள் எட்டு இலைதான் காலி என்று எண்ணியது ஞாபகம் இருந்தது, அந்த ஒன்பதாவது இலைக்கு என்ன செய்தோம் என்பது மட்டும் சுத்தமாக இல்லை. ஏன் இருக்கவேண்டும், சின்ன வயசிலிருந்து அப்படித்தானே. வீட்டுக்கு யார் வந்தாலும் சோலை, நீ எந்திரி என்பார் அப்பா, அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவான், அடிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வருவான், அவனுக்கும் அது ஒரு விஷயமில்லை, பார்க்கிறவர்களுக்கும் விஷயமில்லை. அந்தப் பழக்கத்தில் சொல்லியிருக்கிறாள். நம்ம வீட்டு ஆள் என்று நினைத்ததால்தானே சொன்னாள், வேற்று ஆள் என்றால் சொல்லியிருப்பாளா? ஆனால் அன்றைக்கு அவன் நம்ம வீட்டு ஆள் இல்லையே. அன்றைக்கு அவன்தான் மாமன். மண்டபத்தில் இருந்த முந்நூறு பேரில் இலையில் முதலில் உட்காரவேண்டியவன் அவன் ஒருத்தன், இலையில் உட்கார்ந்தவனை, தண்ணீர் தெளித்துவிட்டவனை எழுப்பி அனுப்பியிருக்கிறாள், எதிரிகூடச் செய்யமாட்டான் அதை. செய்துவிட்டுச் சாயங்காலம் அவனுக்கே போன் போட்டு மானத்தை வாங்கிவிட்டாய் என்று கேட்டிருக்கிறாள். மாமியாருக்குத் தெரிந்தால். கோயம்புத்தூர் மதினி ஆறு மணிக்கு வந்து இதைப் பார்த்தால். நான்கு மாதமாக இந்த வீட்டில் பேசிய பேச்சையெல்லாம் யார் தலையில் இறக்குவது. அவர்களோடு சேர்ந்து இவளும்தானே பேசினாள், ஆமாம் அவனுக்குக் கொஞ்சம் திமிர்தான் என்று இவளும்தானே சொன்னாள். ஹேமா அக்கா போனைத் தண்ணீரில் போட்டுப் புதுசு வாங்கிவிட்டாள், இந்தக் கிளிப் இங்கே மட்டும்தான் இருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் விரல் தானாகப் போய்க் குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தியது. நீக்கவா என்று கேட்டது. நீக்கு என்றாள். டைம்லைனில் அந்த இடம் காலியாகி, அடுத்த கிளிப் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒரு பத்து நிமிஷம் மிக நன்றாக வேலை ஓடியது. பந்தியை முடித்தாள், தலைப்புக்கு எழுத்து போட்டாள், எழுத்துக்குச் சிவப்பா மஞ்சளா என்று யோசித்துச் சிவப்பே வைத்தாள். டேப்லெட் சூடாகி மடியைச் சுட்டது, ஒரு தலையணையை எடுத்து அடியில் வைத்துக்கொண்டாள். மகிழினி தூக்கத்தில் புரண்டு கொலுசு ஒரு தடவை சத்தம் போட்டது. முடிந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று நினைத்தாள், ஒண்ணுமில்ல என்ற வார்த்தை வந்ததும் அது அவன் குரலில் வந்தது. ஒண்ணுமில்ல, வேலை வந்துருச்சு. அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதா யார் எழுப்பியது என்று, நிமிர்ந்து பார்த்தானே. நான்கு மாதமாகத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறான். அப்படியானால் ஏன் சொல்லவில்லை? நீதானே எழுப்பினாய் என்று அந்தப் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வாய் அடைத்துப்போயிருக்கும். திருமுருகனிடம் சொல்லியிருக்கலாம், ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சொல்லியிருக்கலாம். திமிர் பிடித்தவன் என்று இந்த வீடு பேசுவது அவன் காதுக்கும் போயிருக்கும், போகாமலா இருக்கும், அவன் இருக்கிற நத்தத்துக்கும் இந்தத் திண்டுக்கல்லுக்கும் எவ்வளவு தூரம். மறுபடியும் வேலைக்குத் திரும்பலாம் என்று காதுகுத்துக் கிளிப்பை விரித்தாள், அங்கே அந்த மடி அப்படியே இருந்தது. அதை எங்கே வெட்டுவது என்ற கேள்வியைத் திரும்ப ஒருமுறை மனசில் ஆரம்பித்தாள், முடிக்க முடியவில்லை. தனக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. நீக்கிய கோப்புகள் முப்பது நாள் வரைக்கும் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், நீக்கும்போதே தெரியும். போய் எடுத்துக்கொண்டு வந்தாள். எடுத்து முதலில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஐந்தாவது மணியில் எடுத்தான். பின்னால் டைல்ஸ் அறுக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, தையில் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறவர்கள் மார்கழியில் இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தரமாட்டார்கள். சொல்லுத்தா என்றான், நேற்றுப் பேசிவிட்டு வைத்தவன் மாதிரி. பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"அன்னிக்குப் பந்தியில ஒன்னைய எந்திரிக்கச் சொன்னது நான்தான்னு இப்பத்தாண்ணே பாத்தேன். வீடியோவுல இருக்கு. எனக்குச் சத்தியமா நெனப்பே இல்லண்ணே."

மிஷின் நின்றது. யாரிடமோ கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு நடந்துபோவது கேட்டது.

"அதையெல்லாம் எதுக்குத்தா போட்டுப் பாத்துக்கிட்டு."

"ஏண்ணே சொல்லல? அன்னிக்கு அத்தன பேச்சுப் பேசுனேன். அப்பவாவது சொல்லிருக்கலாம்ல."

அவன் கோபமில்லாமல்தான் சொன்னான், ஒரு கணக்கு ஏன் அப்படி வந்தது என்று விளக்குகிறவன் மாதிரி. "வேற யாரும் எந்திரிக்கச் சொல்லியிருந்தா நேரா ஒன்கிட்ட வந்துதான் சொல்லிருப்பேன். நீயே சொல்லிட்ட. நான் யாருகிட்டத்தா போயிச் சொல்ல?"

நாகஜோதி அழுதாள். சத்தம் வெளியே போகாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவன் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பொங்கலுக்கு வருவியாண்ணே என்று கேட்டாள். மாப்ள கூப்பிடட்டும், முறைன்னு ஒண்ணு இருக்குல்ல என்றான் அவன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெரிதாக்கி வைத்திருந்த காதுகுத்துக் கிளிப்பைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள், முகம், கழுத்து, பொத்தான்கள், மூடின கண் எல்லாம் திரும்ப வந்து நின்றன. ஹேமா அக்காவின் கிளிப்புக்கு மேலே ஓடிய பாட்டை எடுத்துவிட்டு அதன் சத்தத்தை முழுசாக ஏற்றினாள். திருமுருகன் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, முடிஞ்சதா, அவரை எடுத்தாச்சா என்று கேட்டான். டேப்லெட்டை அவன் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல இத நீங்க பாருங்க. ஒங்கண்ணன், அத்தை எல்லாருக்கும் சாயங்காலம் நானே போட்டுக் காட்டுறேன். பாத்துட்டு எங்கண்ணனுக்கு ஒரு போன் போடுங்க."

நீளமா என்று கேட்டான் அவன். இருபத்திரண்டு விநாடிதான் என்று சொல்லிவிட்டு, தானே ஓடவிட்டாள்.